மூன்று லெட்சுமிகளும் ஒரு பொத்தானும்

பண்டாரவளைப் பட்டணத்தில், ஒரு மாடிப்படி ஏறினால் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். தோட்டங்களில் பாலர் கல்வி, தாய் சேய் நலம் என்று வேலை செய்யும் சிறிய சங்கம் அது. புதுக் கணினி வந்திறங்கியிருக்கிறது. பழையதில் ஓடியது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் முடித்துக்கொண்டது. அதன் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாளில்தான் கதவு சாத்தப்பட்டது. ஆகவே பத்துப் பன்னிரண்டு வருட மின்னஞ்சலையும், அதைவிட முக்கியமாக தொடர்புப் பட்டியலையும் புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். கடையிலிருந்து வந்த பையன் கெட்டிக்காரன். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். கடைசியாக ஒரு கேள்வி கேட்கிறான்: "மிஸ், டூப்ளிகேட் நிறைய இருக்கு. மேர்ஜ் குடுத்திரவா?"

"குடுங்க தம்பி."

இந்தக் கட்டுரையின் வழக்கு அந்த இரண்டு சொல்லோடுதான். அவற்றைச் சொல்வதற்கு முன்னால் மிஸ் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்திருக்க வேண்டும். அதில் மூன்று லெட்சுமிகள் இருக்கலாம். ஒருத்தி பூனாகலைப் பக்கம், வேலைக்குப் போவோரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளர். இன்னொருத்தி ஹப்புத்தளைப் பாடசாலையில் ஆசிரியை. மூன்றாவது லெட்சுமி, முதல் லெட்சுமியே கலியாணம் முடித்த பிறகு வாங்கிய புது இலக்கம். ஒன்றாக்க வேண்டியது முதலாவதையும் மூன்றாவதையும். இரண்டாவதைத் தொடக்கூடாது. இதைக் கணினி எப்படி அறியும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் எழுத்துகள் ஒன்றுபோல இருக்கின்றனவா இல்லையா என்பதுதான்.

பெயரைப் பொறுத்தவரை மலையகத்தில் எழுத்துகள் ஒன்றுபோல இருப்பதுமில்லை, வேறாக இருப்பதுமில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். அதை அடையாள அட்டைக்காக வேறு மொழியில் எழுதும்போது எழுதுபவரின் காதுக்குக் கேட்டபடி இன்னொன்று. பாடசாலைச் சேர்வு இடாப்பில் வேறொன்று. லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி மூன்றும் ஒரே அம்மாவின் பெயராக இருக்கலாம், மூன்று அம்மாக்களாகவும் இருக்கலாம். முத்தையா என்ற பெயரின் நடுவில் ஆங்கிலத்தில் எத்தனை 'டி' போடுவது, 'எச்' வேண்டுமா என்பதற்கு இன்னும் தீர்ப்பில்லை. தோட்டத்துக்குப் பிழைக்க வந்த குடும்பத்தின் பேரன், உலகமே அறிந்த பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனுக்கே இந்தக் கதிதான். முரளிதரன் என்பதை உலகம் நெடுங்காலம் நடுவில் 'th' போட்டு எழுதியது. இலங்கை, ஆஸ்திரேலிய அணிகளின் டெஸ்ட் தொடருக்கு 2007இல் வோர்ன், முரளிதரன் பெயரில் கோப்பை அறிவிக்கப்பட்டபோது, அவர் விரும்பும் எழுத்துக்கூட்டல் அந்த இடத்தில் 'd' போட்டது என்று சொல்லப்பட்டது. அதற்குப் பிறகும் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தவரின் பெயரையே இரண்டு அட்டையாக வைத்திருக்கிறது உலகம். மீரியபெத்தைத் தோட்டத்து முத்தையாவுக்கு எத்தனை அட்டை இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அவுட்லுக் ஒரு கோப்பிலிருந்து தொடர்புகளை உள்ளே எடுக்கும்போது மூன்று வழி காட்டும். ஒரே மாதிரி இருப்பவற்றைப் புதியதால் மாற்றிவிடு, இரட்டையாக இருந்தாலும் இருக்கட்டும், இரட்டையானவற்றை எடுக்காதே. இந்த மூன்றில் எதுவும் உண்மையில் 'சேர்' என்று சொல்லவில்லை. முதலாவதைத் தெரிவுசெய்தால் பழைய அட்டையில் மட்டும் இருந்த வீட்டு விலாசமும், 'பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் கதைக்கலாம்' என்ற குறிப்பும் போய்விடக்கூடும். மூன்றாவதைத் தெரிவுசெய்தால் புதிய இலக்கம் வாசலிலேயே நிற்கும். இரண்டாவது ஒன்றுதான் எதையும் அழிக்காதது. ஆனால் அதைத்தான் யாரும் தெரிவுசெய்வதில்லை, பட்டியல் அசிங்கமாகிவிடும் என்று. அசிங்கமான பட்டியலைத் திருத்தலாம். அழிந்ததை எங்கே போய்த் தேடுவது?

தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளில் இதற்கான கருவி உள்ளே இல்லை. இரட்டை அட்டைகளைத் தேட வெளியிலிருந்து ஒரு துணைநிரலைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கூகுள் தொடர்புகளில் ஒன்றாக்கும் யோசனை தானாகவே வந்து நிற்கும், அதுவும் 'எல்லாவற்றையும் ஒன்றாக்கு' என்ற ஆசைகாட்டும் பொத்தானோடு.

எக்செல் கோப்பாக மாற்றிப் பார்த்துத் திருத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. பண்டாரவளைக்குத் தொலைபேசிக் குறியீடு 057, பதுளைக்கு 055. எக்செல் அந்த முன் பூச்சியத்தைக் கண்டவுடன் 'இது வெறும் எண்' என்று நினைத்து உதறிவிடும். 94 போட்டு எழுதிய நீளமான இலக்கத்தை, கட்டம் ஒடுக்கமாக இருந்தால், அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். ஆக ஒரே தோட்டத்து ஆபிஸ் மூன்று வடிவத்தில் நிற்கும்: பூச்சியத்தோடு, பூச்சியமில்லாமல், 94ஓடு. பெயரை விட்டுவிட்டு இலக்கத்தை வைத்து ஒன்றாக்கலாமே என்ற யோசனையும் இங்கேதான் சறுக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு கைத்தொலைபேசி என்பது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இன்றைக்கும் உண்டு. மாமியாரும் மருமகளும் ஒரே இலக்கம் என்பதற்காக அவர்கள் ஒரே ஆளாகிவிட மாட்டார்கள். அப்படி ஆக்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்பது வேறு கதை.

தமிழில் பெயர் எழுதி வைத்திருப்பவர்களுக்குத் தண்டனை இன்னும் கடுமை. பழைய வகை அவுட்லுக், காற்புள்ளியால் பிரித்த கோப்பாகத் தொடர்புகளை ஏற்றுமதி செய்யும்போது விண்டோஸின் பழைய எழுத்துக் குறியீட்டைத்தான் பயன்படுத்துகிறது. அந்தப் பழைய குறியீடுகளில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்படவே இல்லை. விளைவு, கேள்விக்குறிகளின் வரிசை. அறுபது தமிழ்ப் பெயர்களும் ஒரே கேள்விக்குறிகளாக வந்தால், ஒன்றாக்கும் பொத்தானுக்குக் கொண்டாட்டம்தான். இன்னும் பழைய பட்டியல் என்றால் பாமினி எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். இலங்கையில் பாமினியைத் தொடாத தமிழ்த் தட்டச்சாளர் அபூர்வம். அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். யூனிகோடிலும் முழு நிம்மதி இல்லை. கொ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எழுத்துக் குறிகளை மட்டும் ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை வேறு வேறு பெயர்கள்.

இவ்வளவும் கணினிக்காரர் பாடு, பத்திரிகையில் எழுத இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. தோட்டங்களுக்குப் பட்டியல் மாற்றம் புதிதல்ல. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே செக்ரோல் என்ற வேலையாள் பேரேடு இருந்தது. தோட்டத்தில் வேலைக்குச் சேர்வதையே 'பேர் பதியிறது' என்றுதான் சொல்வார்கள். பெயர் பதிந்தால்தான் ஆள். தனியார் கையிலும் வெள்ளைக்காரக் கம்பனிகளின் கையிலும் இருந்த அந்தப் பேரேடுகள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு அரச நிறுவனங்களின் கைக்குப் போயின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றைத் தூக்கிச் சுமந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாறியபோது பேரேடுகளும் மறுபடி இடம் மாறின. ஊழியர் சேமலாப நிதி கேட்டுப் போகும் வயதான தொழிலாளி, அட்டையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று சத்தியக் கடதாசியோடு அலைவது மலையகத்தில் புதுக்கதை இல்லை. அந்த அலைச்சலின் வேர் பெரும்பாலும் எங்கோ ஒரு மேசையில், யாரோ ஒரு இலிகிதர் பெயரைப் பிரதி எடுத்த நிமிடத்தில் இருக்கும்.

பட்டியல் என்ற சொல்லுக்கு மலையகத் தமிழ்ச் சமூகத்தில் இன்னும் கனமான ஒரு நினைவும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. யார் எந்தப் பட்டியல் என்பதில் ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அண்ணன் மன்னார் வழியாகக் கப்பலேறிக் கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போனான், தம்பி பண்டாரவளையிலேயே நின்றுவிட்டான். இரண்டு வீட்டிலும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். தகப்பன்மார் பெயர் ராமையா, ராஜேந்திரன் என்றால் ஆங்கிலத்தில் தலையெழுத்தும் 'ஆர்' ஒன்றேதான். இன்று ஒரு மலையகக் குடும்பத்தின் தொடர்புப் பட்டியலில் 94இல் தொடங்கும் இலக்கத்தோடு ஒருவரும் 91இல் தொடங்கும் இலக்கத்தோடு இன்னொருவரும் ஒரே பெயரில் இருந்தால், மென்பொருள் 'இவர் இரண்டு நாட்டு இலக்கம் வைத்திருக்கும் ஒரே நபர்' என்று முடிவுகட்டும். ஒப்பந்தம் பிரித்ததைப் பொத்தான் சேர்த்துவிடுகிறது. தப்பான விதத்தில்.

இந்த விஷயத்தின் கூர்மை அனர்த்த நாள்களில்தான் தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலை ஏழரை மணிவாக்கில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து லயங்களை மூடியது. முதல் இரண்டு நாள்களில் காணாமற்போனோர் தொகை என்று சொல்லப்பட்டது நூறுக்கும் முந்நூறுக்கும் இடையே ஏறி இறங்கியது. கடைசியில் நிலைத்த தொகை அதைவிட வெகு குறைவு. பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள், மலையில் வேலைக்கு இறங்கிவிட்டவர்கள், பதிவு தோட்டத்தில் இருந்தாலும் கொழும்பில் வேலை செய்தவர்கள் எனப் பெயர் ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலுமாக இருந்தார்கள். யார் மண்ணுக்கடியில், யார் பள்ளிக்கூட வாங்கில் என்று அறிய, ஒன்றோடொன்று பொருந்தாத பட்டியல்களை அழுகைக்கு நடுவே ஒப்பிட வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீதி துண்டிக்கப்பட்டு, மலையகப் பாதையில் ரயிலும் நின்றுவிட்ட அந்த நாள்களில் ஒரு அதிபரோ சங்கச் செயலாளரோ கையில் வைத்திருந்த சரியான இலக்கத்துக்கு என்ன மதிப்பு என்பதை ஊவா மாகாணத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த இலக்கம் வேறொரு லெட்சுமியின் அட்டைக்குள் புதைந்து கிடந்திருந்தால்?

தோட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விலாசம். பட்டணத்து வீட்டுக்கு இலக்கமும் தெருவும் இருக்கும். லயத்துக்கு வரும் கடிதத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிசன் என்ற பிரிவின் பெயரும் தவிர வேறொன்றும் இல்லாதது சாதாரணம். கடிதம் தோட்டத்து ஆபிசில் வந்து விழும். ஆக விலாசத்தை வைத்து ஒன்றாக்க முனைந்தால் ஒரு டிவிசன் முழுவதும் ஒரே ஆளாகிவிடும்.

பிறகு எதை வைத்து ஒருவரை அடையாளம் காண்பது? அடையாள அட்டை இலக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. அதிலும் ஒரு முடிச்சு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம், எழுத்தில்லை. இருபதாம் நூற்றாண்டில் பிறந்தவருக்குப் பழையதன் முன்னால் 19 சேர்த்து, நடுவில் தொடர் இலக்கத்துக்கு முன்னால் ஒரு பூச்சியம் நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய வடிவம் வந்துவிடும். பெண்களுக்குப் பிறந்த நாளின் வரிசை எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இந்த விதி தெரிந்தவர் இரண்டையும் ஒன்றென்று கண்டுகொள்வார். மின்னஞ்சல் மென்பொருளுக்கு இது தெரியாது. அதோடு, வெறும் தொடர்புப் பட்டியலில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டு வைப்பது ஆபத்தும்கூட. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் தரவு சேர்க்காதே என்கிறது, சேர்த்ததைச் சரியாக வைத்திரு என்றும் சொல்கிறது. கணினிக் கடைப் பையனின் பென் டிரைவில் முந்நூறு தாய்மாரின் இலக்கம் ஒரு பிரதியாகத் தங்கிவிடுவது அந்தச் சட்டத்தின் எந்தப் பக்கத்தில் வரும் என்று சங்கங்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே இந்த வேலை யாருடையது என்பதில் குழப்பம் வேண்டாம். கோப்பை இடம் மாற்றுவது கணினி தெரிந்தவரின் வேலை. அட்டைகளை ஒன்றாக்குவது ஆள்களைத் தெரிந்தவரின் வேலை. முன்னதற்கு அரை மணி நேரம் போதும். பின்னதற்கு ஒரு கிழமை தேவைப்பட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு, டிவிசனில் எந்த லெட்சுமி வீரனின் மகள், எந்த லெட்சுமி கலியாணம் முடித்து வந்தவள் என்பது செக்ரோலைப் பார்க்காமலேயே தெரியும். அவருடைய அரைநாள் இல்லாமல் எந்த மென்பொருளும் இதைச் செய்து முடிக்காது. அதற்கு ஒரு சம்பளம் போட்டு அந்த அரைநாளை ஒதுக்கலாம். புதுக் கணினிக்குக் காசு ஒதுக்கும் கம்பனிகளும் பாடசாலைகளும் பிரதேச சபைகளும் இந்த அரைநாளுக்கு எந்தத் தலைப்பிலும் பணம் வைப்பதில்லை.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய கோப்புறையை அப்படியே ஒரு பிரதி எடுத்து, அதைத் தொடாமல் பூட்டி வைக்க வேண்டும். புதுக் கணினியில் பழைய தொடர்புகளை நேரே முதன்மைக் கோப்புறைக்குள் கொட்டாமல் தனிக் கோப்புறையில் வைத்து, ஒவ்வொரு அட்டைக்கும் 'பழைய பெட்டி' என்று ஒரு வகைப்பெயர் கொடுத்துவிட்டால், பிழை நடந்தாலும் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தெடுக்கலாம். அவுட்லுக் 2010 தானாகவே 'பரிந்துரைத்த தொடர்புகள்' என்று ஒரு கோப்புறையை உருவாக்கி, பட்டியலில் இல்லாமல் மின்னஞ்சல் அனுப்பிய விலாசங்களையெல்லாம் அதில் சேர்த்துவந்தது. அடுத்த பதிப்பில் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. பழைய பெட்டிகளில் அது இன்னும் கிடக்கும். அதைக் கொண்டுபோய் முதன்மைப் பட்டியலில் கலப்பது கிணற்றில் குப்பையைக் கொட்டுவது மாதிரி.

எல்லோரும் விழும் குழி ஒன்று தனியே இருக்கிறது. பெறுநர் இடத்தில் இரண்டு எழுத்துத் தட்டியதும் பெயர் எட்டிப் பார்க்கிறதே, அது தொடர்புப் பட்டியலிலிருந்துதான் வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் இல்லை. அது மென்பொருள் தன் ஞாபகத்தில் வைத்திருக்கும் வேறொரு சின்னப் பட்டியல். அவுட்லுக் 2007 வரை அது தனிக் கோப்பாகவே இருந்தது, தொடர்புகளை மட்டும் ஏற்றுமதி செய்தால் அது கூடவே வராது. 'மாத்தின பிறகு பாதிப் பேரைக் காணோம்' என்ற புலம்பலில் பாதி இங்கிருந்துதான். இன்னொரு பாதி, புதிதாகக் கொண்டுவந்த கோப்புறையை விலாசப் புத்தகமாகக் காட்டும்படி அதன் பண்புகளில் குறித்துவிடாததால். குழுப் பட்டியல்களையும் திறந்து பார்க்க வேண்டும். அட்டையைத் திருத்தினாலும் குழுவுக்குள் பழைய மின்னஞ்சல் விலாசமே தங்கிவிடுவதுண்டு. அப்புறம் மாதாந்தக் கூட்டத்துக்கு அழைப்பே வரவில்லை என்று ஒருவர் கோபித்துக்கொள்வார்.

பெயர் எழுதுவதில் ஓர் ஒழுங்கு வந்தால் பாதி வேலை குறையும். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று மேல்நாட்டுக்காரன் போட்ட இரண்டு கட்டத்துக்குள் நம்முடைய தகப்பன் பெயர் உட்கார மறுக்கிறது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயரைப் போட்டால் அகரவரிசையில் அப்பாமார் வரிசையாக நிற்பார்கள், பிள்ளைகளைக் காணமாட்டோம். ஒருவரின் சொந்தப் பெயரைத்தான் வரிசைப்படுத்தும் பெயராக வைக்க வேண்டும். தலையெழுத்து அதன் பின்னால் வரட்டும். குறிப்புப் பகுதியில் தோட்டம், டிவிசன், லயம், அதோடு ஊரில் அவரைக் கூப்பிடும் பெயர். தோட்டத்தில் ஒருவரைச் சரியாகக் காட்டிக்கொடுப்பது அந்தக் கூப்பிடும் பெயர்தான். கட்டங்களை வடிவமைத்தவர்கள் அதற்கு இடமே விடவில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கடைசிக் கட்டத்தில் கணினி தேவையே இல்லை. சந்தேகமான அட்டைகளைத் தாளில் அச்சிட்டு, பக்கத்தில் தேநீரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்பதுதான். நாம் வைத்துக்கொண்ட அந்த மாடி அலுவலகத்தில், கடைப் பையன் போய்விட்டான். மிஸ் தொலைபேசியை எடுக்கிறாள்.

"அலோ, லெட்சுமி அம்மாவா? எந்த லெட்சுமிங்க?"

"மேல் டிவிசன், ஏழாம் லயம். வீரன் மக."

ஒரு கோடு போடுகிறாள். இரண்டாவது இலக்கத்தில் ஆசிரியை, பாடவேளை முடிந்ததும் எடுப்பதாகச் சொல்கிறார். மூன்றாவது இலக்கம் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. கொழுந்து நிறுக்கிற நேரம். நாலு மணிக்குப் பிறகு மறுபடி அடிக்கலாம்.